சம்பளச் சீட்டில் ஒரு வரி

சிங்கப்பூரின் துவாஸில் உயரம் என்பது வேலையின் ஒரு பகுதி. கப்பல் பட்டறைச் சாரத்திலோ எண்ணெய்த் தொட்டியின் விளிம்பிலோ துறைமுகத்தின் பாரந்தூக்கியிலோ ஏறுகிறவர் முழு உடலையும் பிடித்துக்கொள்ளும் சேஃப்டி பெல்ட்டை அணிந்திருப்பார். அதிலிருந்து இரண்டு கயிறுகள் தொங்கும், இரண்டின் நுனியிலும் கொக்கி. முன்னே ஒரு கொக்கியை மாட்டிய பிறகுதான் பின்னே இருப்பதைக் கழற்றலாம். எந்த நொடியிலும் ஒன்றாவது மாட்டியிருக்க வேண்டும். 2013இல் நடப்புக்கு வந்த விதிகளின்படி, 3 மீட்டருக்கு மேலிருந்து விழும் அபாயம் உள்ள வேலைக்கு எழுத்தில் அனுமதி வேண்டும். இவ்வளவு கட்டுப்பாடு இருந்தும் 2023இல் சிங்கப்பூர் வேலையிடங்களில் 36 பேர் இறந்தார்கள். மனிதவள அமைச்சின் அறிக்கைகளில் ஆண்டுதோறும் முன்வரிசையில் வரும் காரணங்களில் ஒன்று, உயரத்திலிருந்து விழுவது. பிழைப்புக்காக உயரம் ஏறுகிறவர்கள் நிறைந்த இந்த ஊரிலிருந்து பார்க்கும்போது, நல்ல காரியத்துக்காக விமானத்திலிருந்து குதிக்கும் வழக்கத்தைப் பற்றிச் சில கேள்விகள் எழுகின்றன.

அந்த வழக்கம் பிரிட்டனில் வேரூன்றியது. அங்கே பெரியவர்களுக்கான ஹாஸ்பிஸ்களின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அரசிடமிருந்து வருகிறது. மீதியைத் தாங்களே திரட்டியாக வேண்டும். ஆகவே மரணத்தை நெருங்கியவர்களைப் பராமரிக்கும் இல்லங்கள், வானிலிருந்து குதிக்கத் துணிந்தவர்களைத் தேடி விளம்பரம் செய்கின்றன. குதிக்க முன்வருபவர் உற்றார் உறவினரிடமும் அலுவலகத்திலும் பணம் திரட்டுகிறார், பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டப்பட்டு 10,000 அடிக்கு மேலிருந்து குதிக்கிறார், ஒரு நிமிடத்துக்கும் குறைவாக மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தில் விழுகிறார், பிறகு வான்குடை விரிகிறது. சிங்கப்பூரில் வான்குடை என்றதும் தேசிய தின அணிவகுப்பில் இறங்கும் ரெட் லயன்ஸ் வீரர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால் உடலைப் பணயம் வைத்துக் கொடை கேட்பது நமக்குப் புதிதன்று. அந்த வரலாற்றை நம்மில் பலர் அறிந்திருக்கிறோம், அதிலிருந்து போதிய பாடம் கற்றோமா என்பதுதான் தெளிவாகவில்லை. அந்திமகாலப் பராமரிப்புக்குத் தேவை மாதம் தவறாமல் வரும் சிறு தொகைகள். ஒரு நாள் சாகசம் அந்தத் தேவையை நிறைவேற்றுவதில்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். துணிந்து குதிப்பவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. அந்த நல்லெண்ணம் நோயாளியின் படுக்கைவரை போய்ச் சேர வேண்டும் என்பதுதான் கவலை.

முதலில், பணம் எதற்குச் செலவாகிறது என்று பார்க்க வேண்டும். வீட்டிலேயே இறுதிக்காலத்தைக் கழிக்கும் புற்றுநோயாளியின் தலைமாட்டில், கைக்கு அடக்கமான, பேட்டரியில் ஓடும் ஒரு சிறு பம்பு இருக்கும். அதில் பொருத்திய சிரிஞ்சில் மார்ஃபினும் குமட்டலைத் தணிக்கும் மருந்தும் கலந்திருக்கும். தோலுக்கடியில் செருகிய மெல்லிய குழாய் வழியாக 24 மணி நேரத்தில் அது சொட்டுச் சொட்டாக உள்ளே போகும். மறுநாள் அதே நேரத்தில் சிரிஞ்சை மாற்றியாக வேண்டும். நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், காய்ந்த வாயை ஈரப்பஞ்சால் துடைக்க வேண்டும், நள்ளிரவில் மூச்சின் ஓசை மாறும்போது மகளோ மனைவியோ தொலைபேசியில் அழைத்தால் மறுமுனையில் ஒரு தாதி எடுக்க வேண்டும். மார்ஃபின் மலிவான மருந்து. விலை உயர்ந்தது அந்தத் தாதியின் நேரம். தாதிக்குச் சம்பளம் மாதந்தோறும் கொடுக்க வேண்டும். ஜூலையில் நடந்த ஒரு நிகழ்ச்சியில் குவிந்த பணத்தை நம்பி, அடுத்த மார்ச்சில் இன்னொரு தாதியை வேலைக்கு எடுக்க எந்த நிர்வாகியும் எளிதில் துணியமாட்டார்.

சிங்கப்பூரில் இந்தப் பணி சாகசத்தில் தொடங்கவுமில்லை. துவாஸுக்கு அருகிலுள்ள ஜூரோங்கில், கனோசியன் கன்னியாஸ்திரீகள் நடத்திய செயின்ட் ஜோசப்ஸ் இல்லத்தில் 1985இல் 16 படுக்கைகளை மரணத் தறுவாயில் இருப்போருக்கென ஒதுக்கினார்கள். இந்நாட்டின் ஹாஸ்பிஸ் வரலாறு அங்கேதான் ஆரம்பம். 1987இல், மறைந்த டாக்டர் சிந்தியா கோ முதலான மருத்துவர்களும் தாதியரும் தொண்டூழியர்களாகச் சேர்ந்து, சொந்த வேலை முடிந்த பிறகு நோயாளிகளின் வீடுகளுக்குப் போனார்கள். அந்தக் குழு 1989இல் தனிச் சங்கமானது. இன்று எச்சிஏ ஹாஸ்பிஸ் என்று அறியப்படும் அமைப்பு அதுதான், வீட்டுக்கு வந்து செய்யும் பராமரிப்புக்கு அது கட்டணம் வாங்குவதில்லை. 1992இல் டோவர் பார்க் ஹாஸ்பிஸ் உருவானது. பெயர் வெளியே தெரியாமல், வாரம் தவறாமல் போய் வந்தவர்கள் கட்டிய துறை இது.

தேவையும் கூடிக்கொண்டே போகிறது. லியன் அறநிறுவனம் 2014இல் வெளியிட்ட கருத்தாய்வில், 77 விழுக்காட்டினர் வீட்டிலேயே உயிர்பிரிய விரும்புவதாகச் சொன்னார்கள். ஆனால் சுகாதார அமைச்சு 2023இல் தேசிய உத்தியை அறிவித்தபோது, இறப்புகளில் 61 விழுக்காடு மருத்துவமனைகளில்தான் நிகழ்ந்துகொண்டிருந்தது. அதை 2027க்குள் 51 விழுக்காடாகக் குறைப்பது இலக்கு. அதற்காக வீட்டுப் பராமரிப்பு இடங்களை 2,400இலிருந்து 3,600ஆக உயர்த்தத் திட்டமிடப்பட்டது. கூடுதலாக வரும் ஒவ்வோர் இடத்துக்கும் வாரத்தில் பல முறை கதவைத் தட்ட ஒருவர் வேண்டும்.

இனி குதிப்பதன் கணக்குக்கு வருவோம். ஸ்காட்லாந்தின் டேசைட் வட்டாரத்தில் லீ, வில்லியம்ஸ், ஹேடன் என்ற மூன்று மருத்துவர்கள், ஐந்து ஆண்டுகளில் வான்குடைக் குதிப்பில் காயமடைந்து வந்த 174 பேரைக் கணக்கெடுத்து, 1999இல் ‘இன்ஜுரி’ ஆய்விதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். காயமடைந்தோரில் 94 விழுக்காட்டினர் முதன்முறை குதித்தவர்கள். அறப்பணிக்காகக் குதித்தவர்களில் 11 விழுக்காட்டினருக்கு அடிபட்டது, 7 விழுக்காட்டினருக்குக் காயம் கடுமையானது. ஒருவர் திரட்டிய தொகை சராசரியாக 30 பவுண்டு. அறப்பணிக்குக் கிடைத்த ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு மருத்துவச் சேவை செலவழித்தது 13.75 பவுண்டு. வலியில் இருப்பவருக்காகத் திரட்டிய பணத்தைப்போல் பல மடங்கு, எலும்பு முறிவுக்குப் போயிருக்கிறது. இதைப் படிக்கும்போது எனக்கு வருத்தம்தான் மேலிடுகிறது. கணுக்கால் உடைந்து கட்டுப்போட்டுப் படுத்த ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு உதவத்தானே குதித்தார்கள்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும், அது நியாயமானதும்கூட. அந்த ஆய்வு, புதியவர்கள் சிறு பயிற்சியோடு தனியே குதித்த காலத்தைப் பற்றியது. இன்று பெரும்பாலும் அனுபவசாலியான பயிற்றுநரின் மார்போடு கட்டப்பட்டுத்தான் புதியவர் குதிக்கிறார். அமெரிக்க வான்குடைச் சங்கத்தின் கணக்குப்படி, இத்தகைய இணைக்குதிப்பில் ஏறத்தாழ ஐந்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் மாணவர் மரணம் நேர்கிறது. ஆபத்து பெருமளவு குறைந்துவிட்டது என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் ஆபத்து குறைந்த இடத்தில் செலவு ஏறியிருக்கிறது. விமானம், பயிற்றுநர், காணொளி எடுப்பவர் என்று எல்லாவற்றுக்கும் கட்டணம் உண்டு, பல சமயம் அது திரட்டிய பணத்திலிருந்தே கழிக்கப்படுகிறது. சிங்கப்பூரில் அறநிறுவனங்களுக்கு 30/70 என்றொரு விதி இருக்கிறது: நிதி திரட்டும் செலவு, திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. குதிக்க 300 வெள்ளி ஆகிறது, குதித்தவர் 1,000 வெள்ளி திரட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விமானம் மேலெழும்பிய நொடியிலேயே அவர் அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறார். உங்களிடம் 50 வெள்ளி வாங்கியவர், அதில் 15 வெள்ளி தன் ஒரு நிமிட அனுபவத்துக்குப் போகிறது என்று சொல்லித்தான் வாங்கினாரா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சிங்கப்பூரின் சொந்த அனுபவம் இதைவிடக் கசப்பானது. 1994இல் தொடங்கிய தேசிய சிறுநீரக அறநிறுவனத்தின் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் கலைஞர்கள் சாகசம் செய்தார்கள், மக்கள் வீட்டிலிருந்தபடி தொலைபேசியில் எண்களை அழுத்திக் கொடை கொடுத்தார்கள். முதியோரையும் நாட்பட்ட நோயாளிகளையும் பராமரித்த ரென் சி மருத்துவமனைக்காக, அதை நிறுவிய பௌத்தத் துறவி மிங் யி, 45 மாடி சன்டெக் சிட்டி கட்டடத்திலிருந்து கயிற்றில் இறங்கினார், உடலைப் பனிக்கட்டியால் மூடிக்கொண்டார். பார்த்தவர்கள் அழுதார்கள், கொடுத்தார்கள். பிறகு 2005 ஜூலையில், தன்னைப் பற்றிய செய்தித்தாள் கட்டுரையை எதிர்த்துச் சிறுநீரக அறநிறுவனத்தின் தலைமை நிர்வாகி டி.டி. துரை தொடுத்த வழக்கே, அவருடைய ஆண்டு வருமானம் ஏறக்குறைய 6 லட்சம் வெள்ளி என்பதையும், பல ஆண்டுகளுக்குப் போதுமான கையிருப்பு இருந்தும் பணம் இல்லாததுபோல் கொடை கேட்கப்பட்டதையும் வெளிக்கொண்டு வந்தது. நிர்வாகக் குழு பதவி விலகியது. மிங் யி, மருத்துவமனைப் பணத்திலிருந்து 50,000 வெள்ளியை அனுமதியின்றிக் கடனாகக் கொடுத்த வழக்கில் 2009இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, மேல்முறையீட்டுக்குப் பிறகு ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். சாகசம் செய்பவர்கள் எல்லாரும் தவறு செய்வார்கள் என்று இதற்குப் பொருளில்லை. மிங் யி தொடங்கிய மருத்துவமனை இன்றும் நோயாளிகளைப் பராமரிக்கிறது, அதை மறுப்பது அநியாயம். ஆனால் கயிற்றில் தொங்குபவரைப் பார்க்கும்போது, அவருடைய கணக்குப் புத்தகத்தைக் காட்டச் சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை. உயிரையே பணயம் வைப்பவரிடம் ரசீது கேட்பது அற்பத்தனமாகத் தோன்றிவிடுகிறது. சாகச நிதி திரட்டலின் பெரிய குறை இதுதான்: கேள்வி கேட்கும் பழக்கத்தை அது மழுங்கடிக்கிறது.

இங்கே என் வாதத்துக்கே எதிராக ஒன்றைச் சொல்லலாம். சிறுநீரக அறநிறுவனத்துக்கு மாதந்தோறும் வங்கிக் கணக்கிலிருந்து கொடுத்தவர்களும் ஏராளமானோர் அல்லவா, மாதக் கொடையும் மோசம்போனதே என்று கேட்கலாம். உண்மைதான். மாதக் கொடை தானாகவே நேர்மையைக் கொண்டுவந்துவிடாது. ஆனால் 2005இல் நடந்ததைக் கவனியுங்கள். உண்மை வெளிவந்த சில நாள்களிலேயே ஆயிரக்கணக்கானோர் மாதக் கொடையை நிறுத்தினார்கள். அப்படி நிறுத்த முடிந்ததே அவர்களுடைய பலம். ஒருமுறை கொடுத்துவிட்டு மறந்துபோனவர், கொடுத்ததைத் திரும்பக் கேட்க முடியாது. மாதம் கொடுப்பவரோ ஒவ்வொரு மாதமும் மறுபடி முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறார், நிர்வாகம் அவருக்குப் பயந்து நடக்க வேண்டியிருக்கிறது. அந்தப் புயலுக்குப் பிறகுதான் அறப்பணி ஆணையரின் பொறுப்பு வலுவாக்கப்பட்டது, 2007இல் அறநிறுவனங்களுக்கான நிர்வாக நெறிமுறை வந்தது, இன்று யாரும் இணையத்தில் ஓர் அறநிறுவனத்தின் ஆண்டுக் கணக்கைத் திறந்து பார்க்கலாம்.

இன்னொரு மறுப்பு, இதைவிட ஆழமானது. மரணத்தைப் பற்றிப் பேசவே நம் வீடுகளில் கூச்சம். நோயின் பெயரைக்கூட நோயாளியிடம் மறைக்கும் குடும்பங்கள் செராங்கூன் ரோட்டிலும் உண்டு, தஞ்சாவூரிலும் உண்டு. அந்த மௌனத்தை உடைக்க ஏதோ ஓர் அதிர்ச்சி வேண்டாமா? ஓர் இளைஞன் விமானத்திலிருந்து குதித்தால் ‘எதற்கு’ என்று நாலு பேர் கேட்பார்கள், ‘ஹாஸ்பிஸுக்காக’ என்று அவன் சொல்வான், பேச்சு தொடங்கும். இதில் நியாயம் இருக்கிறது. 2014இல் தலையில் பனிநீர் ஊற்றிக்கொள்ளும் சவால் அமெரிக்காவில் ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்கான சங்கத்துக்கு 11.5 கோடி டாலர் திரட்டித் தந்தது, அந்தப் பணத்தின் பெரும்பகுதி ஆராய்ச்சிக்குப் பயன்பட்டது. ஆராய்ச்சிக்கு அப்படி மொத்தமாக வரும் பணம் பொருந்தும், ஏனென்றால் அதை ஆண்டுக்கணக்கில் பிரித்துச் செலவிடலாம். அதே அலை அடுத்த ஆண்டு எழவில்லை. நாள்தோறும் படுக்கையருகே நிற்க வேண்டிய பணிக்கு அப்படிப்பட்ட அலையை நம்ப முடியாது.

மௌனத்தை உடைக்க வேறு வழி இருப்பதைக் கேரளம் காட்டியிருக்கிறது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில், டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் போன்றோர் வலிநிவாரணப் பராமரிப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அது மலப்புரம் மாவட்டத்துக்குப் பரவியபோது, மருத்துவர்கள் கையிலிருந்து அக்கம்பக்கத்தார் கைக்கு மாறியது. கடைகளில் உண்டியல் வைத்தார்கள். பள்ளி மாணவர்கள், பேருந்து ஊழியர்கள், கூலித் தொழிலாளர்கள் சிறு சிறு தொகை கொடுத்தார்கள். பயிற்சி பெற்ற தொண்டர்கள் தாதியுடன் வீடுவீடாகப் போனார்கள். படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்கு அரிசி வாங்கிக் கொடுப்பது, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைப் பார்த்துக்கொள்வதுகூட அந்தப் பணியில் அடங்கியது. 2008இல் கேரள அரசு இதையொட்டியே தனிக்கொள்கை வகுத்தது. அங்கே மரணத்தைப் பற்றிய பேச்சு வானத்திலிருந்து விழவில்லை. பக்கத்து வீட்டுத் திண்ணையில் வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசிப் பேசித்தான் கூச்சம் போயிற்று. எகானமிஸ்ட் இன்டெலிஜன்ஸ் யூனிட் 2015இல் வெளியிட்ட மரணத் தரக் குறியீட்டில் 80 நாடுகளில் இந்தியா 67ஆம் இடம், சிங்கப்பூர் 12ஆம் இடம். அப்படி இருந்தும் இந்த ஒரு விஷயத்தில் சிங்கப்பூர் கற்றுக்கொள்ள மலப்புரத்தில் நிறைய இருக்கிறது.

இருந்தாலும் குதிக்க நினைப்பவரின் மனமும் எனக்குப் புரிகிறது. தந்தையையோ மனைவியையோ ஹாஸ்பிஸில் பறிகொடுத்தவர், அந்தத் தாதிகளுக்கு நன்றி சொல்லத் தன் உடலால் ஏதாவது செய்ய நினைக்கிறார். பெரிய துயரத்துக்குப் பெரிய செயல் வேண்டும் என்று மனம் கேட்கிறது. அவரைத் தடுக்க எனக்கு மனமில்லை. குதிப்பதற்கான கட்டணத்தைத் தன் கைப்பணத்தில் கட்டிவிட்டு, திரட்டியதில் ஒரு வெள்ளிகூடக் குறையாமல் இல்லத்துக்குக் கொடுப்பாரானால், பணம் கொடுத்த ஒவ்வொருவரிடமும் அடுத்த ஆண்டு முழுவதும் மாதம் ஐந்து வெள்ளி கொடுக்கச் சம்மதம் வாங்குவாரானால், அந்தக் குதிப்பை நானும் வரவேற்பேன். திரட்டிய மொத்தத் தொகையைவிட, பன்னிரண்டு மாதம் கழித்து எத்தனை பேர் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் என் அளவுகோல்.

அந்த அளவுகோலோடு துவாஸுக்குத் திரும்பினால், நமக்கு வேண்டிய ஏற்பாடு ஏற்கெனவே நம் கையில் இருப்பது தெரியும். சிங்கப்பூர் இந்தியர்கள் பல்லாண்டுகளாகச் சம்பளத்திலிருந்து, சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுக்கு மாதச் சந்தா கொடுத்து வருகிறார்கள். சம்பளத்துக்கேற்ப 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை பிடிக்கப்படும். பீட்டி ரோட்டிலிருந்து இயங்கும் அந்த அமைப்பின் துணைப்பாட வகுப்புகளில் தலைமுறைகள் படித்து முன்னேறியது அந்தச் சில்லறைப் பணத்தால். கம்யூனிட்டி செஸ்ட்டின் ‘ஷேர்’ திட்டமும் சம்பளத்திலிருந்து மாதக் கொடை வாங்குகிறது. 2017இல் துவாஸ் லிங்க் வரை எம்ஆர்டி வந்தது, 2022இல் துவாஸ் துறைமுகம் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. மேலாளர்கள், பொறியாளர்கள், அலுவலக ஊழியர்கள் என்று நிலையான சம்பளக்காரர்கள் இங்கே பெருகிக்கொண்டிருக்கிறார்கள். இங்குள்ள நிறுவனம் ஒன்று ஊழியர்களை உற்சாகப்படுத்தச் சாகச நாள் ஏற்பாடு செய்யும் செலவில், ஊழியர்களின் மாதக் கொடைக்குச் சமமாகத் தானும் ஒரு தொகை சேர்க்கலாம். 2011இல் அரசு தொடங்கிய சமூக வெள்ளி அறநிதி, பராமரிப்பு அமைப்புகளுக்கு வரும் தகுதியுள்ள கொடைகளுக்கு வெள்ளிக்கு வெள்ளி ஈடு கொடுக்கிறது. ஊழியரின் 10 வெள்ளி அப்படியே பெருகும்.

சம்பளத்தில் பிடிப்பது ஒருவகைக் கட்டாயம் ஆகிவிடாதா, மேலாளர் கேட்டால் மறுக்க முடியுமா என்ற கவலை சரியானதே. படிவம் ஒவ்வொருவர் கைக்கும் தனியாகப் போக வேண்டும், யார் சேர்ந்தார் யார் சேரவில்லை என்பது சூப்பர்வைசருக்குத் தெரியக்கூடாது, எந்த மாதமும் விலகலாம். தங்குவிடுதியில் இருந்துகொண்டு ஊருக்குப் பணம் அனுப்பும் வெளிநாட்டு ஊழியரிடம் இந்தப் படிவத்தை நீட்டவே கூடாது. அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் வேறு. வேலை அனுமதியில் வந்தவருக்கு மருத்துவச் செலவில் அரசு மானியம் கிடையாது. முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதியின் குறைந்தபட்ச வரம்பு 2023 ஜூலையில்தான் 15,000 வெள்ளியிலிருந்து 60,000ஆக உயர்ந்தது. முற்றிய புற்றுநோயோடு புதுக்கோட்டைக்கோ சிவகங்கைக்கோ திரும்பிப் போகிறவருக்கு வலிநிவாரணம் அங்கேதான் கிடைக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் வலிநிவாரணப் பராமரிப்பும் அடக்கம். அந்தத் தொழிலாளியின் கையில் நோய் விவரமும் மருந்துச் சீட்டும் தெளிவாக எழுதிக் கொடுத்து, அங்குள்ள சுகாதார நிலையத்துக்கு முன்கூட்டியே தகவல் சொல்லி அனுப்புவது துவாஸ் நிறுவனம் எதனாலும் செய்யக்கூடிய காரியம். அதற்குச் செலவு ஒரு தொலைபேசி அழைப்புதான்.

துவாஸில் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் நீங்கள் இருந்தால், அடுத்த சம்பளச் சீட்டில் ஒரு வரி சேர்க்கப் பேசுங்கள். ஊழியராக இருந்தால் அந்த வரியைக் கேளுங்கள். கொடுக்கும் முன், அறநிறுவனங்களுக்கான அரசு இணையவாசலில் நீங்கள் தேர்ந்தெடுத்த இல்லத்தின் சென்ற ஆண்டுக் கணக்கைத் திறந்து, நிதி திரட்ட எவ்வளவு செலவானது, கையிருப்பு எவ்வளவு என்று இரண்டு எண்களை மட்டும் பாருங்கள். திருப்தியாக இருந்தால் மாதம் 10 வெள்ளிக்குப் படிவம் நிரப்புங்கள், அடுத்த ஆண்டும் அதே இரண்டு எண்களைப் பாருங்கள். பொதுநல அமைப்பாகப் பதிவான இல்லமாக இருந்தால், நீங்கள் ஆண்டு முழுவதும் கொடுத்த 120 வெள்ளிக்கு, வரிக்கணக்கில் உங்கள் வருமானத்திலிருந்து 300 வெள்ளி கழிக்கப்படும்.